போன் வாங்கும்போது ஆக்னஸ் சொல்லாதது

தெலுங்கு பேசும் மல்லாபூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியில், பேக்கிங் பிரிவுக்கு ஆக்னஸ் ஷிப்ட் சூப்பர்வைசர். அவளிடம் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் அவளுடைய ஒரு சட்டம் மனப்பாடம். லீவு வேண்டுமா, ஷிப்ட் மாற்ற வேண்டுமா, மெஷினில் கோளாறா, எதுவாக இருந்தாலும் வாயால் சொல்லக்கூடாது. ஹாலுக்குள் போன் கிடையாது; வராந்தாவுக்கு வந்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். "வாயால சொன்னது காத்தோட போயிரும், எழுதினாத்தான் நிக்கும்" என்று தமிழ் தெரிந்தவர்களிடம் தமிழிலும், மற்றவர்களிடம் தெலுங்கிலும் இந்தியிலும் சொல்வாள். ரொம்ப கறாரான மேடம் என்று புதிதாக வந்தவர்களிடம் பழைய ஆட்கள் எச்சரித்து வைப்பார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. உண்மைக் காரணத்தைவிட அது எவ்வளவோ கௌரவமாக இருந்தது.

உண்மைக் காரணம், அவளுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது.

ஒரே நாளில் வந்த குறை இல்லை அது. முதலில் குக்கர் விசில் போனது. அப்புறம் பக்கத்து ஃப்ளாட்டின் காலிங் பெல். பிறகு மனிதர்களின் பேச்சில் சில எழுத்துகள் மட்டும் உதிர ஆரம்பித்தன. பேச்சு கேட்கும், ஆனால் ஓரங்கள் தேய்ந்த நாணயம் மாதிரி இன்னதென்று பிடிபடாது. எதிரே இருப்பவர்களின் வாயசைவைப் பார்த்தே தான் பாதியை ஊகித்துக்கொண்டிருந்தது, கொரோனா காலத்தில் ஊரே மாஸ்க் போட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது. பேக்கிங் ஹாலிலோ எப்போதும் மாஸ்க்தான். போதாததற்கு மெஷின்களின் சத்தம். அங்கே அவள் கண்களைப் பார்த்தும், தலையாட்டலைப் பார்த்தும், "சரி, சரி" என்று சொல்லியும் வேலையை ஓட்டினாள். வாட்ஸ்அப் சட்டம் பிறந்தது அப்போதுதான்.

டாக்டரிடம் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அவளுடைய அப்பா அந்தோணிராஜ் லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பிரிவில் இருந்தவர். இரும்பைத் தட்டித் தட்டியே காது செத்துப் போனவர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அவரை "பைரா அந்தோணி" என்று கூப்பிடுவார்கள், அவர் முதுகுக்குப் பின்னால், சத்தமாக, அவருக்குத்தான் கேட்காதே. செவிட்டு அந்தோணி. எட்டாவது படிக்கும்போது ஆக்னஸ், பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரைப் பார்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் அதை வாயசைவிலேயே புரிந்துகொண்டு, போகவில்லை. அந்தப் பேர் தனக்கு வரக்கூடாது. அவ்வளவுதான் அவளுடைய நினைப்பெல்லாம்.

அதனால் போனைக் குற்றம் சொன்னாள். இந்த போனில் சத்தமே வரவில்லை, இந்த போனில் கர் கர் என்கிறது, வீடு இருக்கிற ஹப்சிகுடாவில் டவரே சரியில்லை. இரண்டு வருஷத்துக்குள் இரண்டு போன் மாற்றிவிட்டாள்.

வீட்டில் அவளும் மகள் ஸ்மிதாவும்தான். கணவர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. ஸ்மிதா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். இங்கேயே படித்து வளர்ந்தவள். அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள். ரொம்பப் பாசம் வந்தால் மட்டும் கொஞ்சம் உடைந்த தமிழ் வரும். ஆபீசில் யார் போன் வாங்குவதானாலும் அவளிடம்தான் கேட்பார்கள். அவள் உடனே ஒரு பேரைச் சொல்லிவிட மாட்டாள். யாருக்கு, என்ன வேலைக்கு, கண் எப்படி, கை எப்படி, வீட்டில் மற்றவர்கள் என்ன போன் வைத்திருக்கிறார்கள் என்று டாக்டர் மாதிரி குடைந்து குடைந்து கேட்டுவிட்டுத்தான் ஐபோனா ஆண்ட்ராய்டா என்றே ஆரம்பிப்பாள்.

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்குத் தானே ஒரு நல்ல போன் வாங்கித் தருவது என்று முடிவு பண்ணினாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து, மேஜையில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, அம்மாவை எதிரே உட்கார வைத்தாள்.

"இப்ப செப்பு அம்மா. போன்ல நீ எக்குவா, அதிகமா என்ன பண்றே? கால்ஸா, வாட்ஸ்அப்பா?"

"கைக்கு இப்ப புது போன்? நக்கோ." எதற்கு, வேண்டாம் என்று ஆக்னஸ் ஊர் இந்தியில் மழுப்பினாள்.

"நக்கோலாம் நக்கோ. செப்பு. இருக்கற போன்ல என்ன ப்ராப்ளம்?"

எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, மெதுவாகப் பேசும் மகளின் ஒவ்வொரு வார்த்தையும் ஆக்னஸுக்குப் புரிந்தது. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் ஸ்மிதா, "வால்யூமா? உனக்குக் கேக்கலையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆக்னஸுக்குச் சுரீர் என்றது.

"எனக்கென்ன கேக்காம? எல்லாம் நல்லாக் கேக்குது. போட்டோதான் சரியா வர்றதில்ல. சர்ச்ல எல்லாரும் ஐபோன் வச்சிருக்காங்க. வீடியோ கால் பளிச்சுனு இருக்கு."

"போட்டோ, வீடியோ கால். அவ்ளோதானா? ஃபேக்டரில?"

"அங்க என்ன, மெசேஜ்தான்."

"சரே. அயித்தே, அப்படின்னா ஐபோன் பெஸ்ட். ஈஸியா இருக்கும், நாலஞ்சு வருஷம் ஓடும்."

ஸ்மிதா சொன்ன யோசனையில் ஒரு தப்பும் இல்லை. அவளிடம் சொல்லப்பட்ட தேவைக்கு அதுதான் சரியான பதில். ஆக்னஸ் அதை வெட்கத்தோடு வாங்கிக்கொண்டாள், சந்தோஷம் மாதிரி காட்டிக்கொண்டு. புது போனில் போட்டோ உண்மையிலேயே அழகாக வந்தது. குரல்கள் பழையபடியேதான் தேய்ந்து வந்தன. இனிமேல் குற்றம் சொல்ல போனும் இல்லை.

ஜனவரியில் அது நடந்தது.

ராகவேந்திரா என்று ஒருவன், லேபிள் ஒட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்பவன். லோத்குண்டாவிலிருந்து வருவான். அமைதியான ஆள். அவன் மனைவிக்கு அது நிறைமாதம். லைனில் இருந்த பெண்களெல்லாம் பெண்ணா பிள்ளையா என்று அவனைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆக்னஸுக்கும் அது தெரியும். ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் வாட்ஸ்அப் சட்டத்தையும் மறந்து அவளருகே வந்து மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னான். கண்களில் கவலை தெரிந்தது. மனைவியைப் பற்றித்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். "சரே, சரே" என்று தோளில் தட்டினாள். அவன் கைகூப்பிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவன் வரவில்லை. உடை மாற்றும் அறைக்கு வெளியே, வராந்தாவில், ஆக்னஸின் புது போன் அடித்தது. அவன் பெயர் திரையில் வந்தது. பக்கத்தில் லைன் கிளார்க் அனுபமா ஷூ கவர் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"மேடம், மா அம்ம போயிந்தி" என்றான் ராகவேந்திரா. எங்கள் அம்மா போய்விட்டாள் என்று.

ஆக்னஸின் காதுக்கு வந்தது அம்மா என்கிற சத்தமும், கடைசியில் ஒரு 'இந்தி'யும் மட்டும்தான். நடுவில் இருந்ததை அவள் மனம் தானாக நிரப்பிக்கொண்டது. அம்மாயி புட்டிந்தி. பெண் பிறந்திருக்கிறது.

"சாலா சந்தோஷம் ராகவேந்திரா!" என்றாள் உரக்க. ரொம்ப சந்தோஷம்.

அவன் மறுபடியும் அதையே சொன்னான், இன்னும் உரக்க. குரல் உடைந்திருந்தது. உடைந்த குரல் அவளுக்கு மகிழ்ச்சிக் குரலாகவே பட்டது.

"வினிபிஸ்தோந்தி, வினிபிஸ்தோந்தி" என்றாள். கேட்கிறது, கேட்கிறது. "வரும்போது ஸ்வீட்ஸ் மறக்காதே, எல்லாருக்கும் வேணும்" என்று தெலுங்கில் சிரித்தாள்.

போன் துண்டிக்கப்பட்டது. அனுபமாவிடம், "ராகவேந்திரா லீவு" என்றாள். வாழ்த்தை ஒழுங்காகச் சொல்லி முடித்த திருப்தியோடு ஹாலுக்குள் போனாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தபோது, லைன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கிழவியின் படம். சாமந்தி மாலை போட்ட ஃபிரேம். கீழே ராகவேந்திராவின் அம்மா காலமானார், அடக்கம் இன்று மாலை என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

ஆக்னஸ் டப்பாவை மூடினாள். அவன் காலையில் என்ன சொன்னான் என்பது இப்போதுதான் கேட்டது, ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக. அவனுடைய ஒரு வார்த்தையும், தன்னுடைய ஒரு வார்த்தையுமாக அந்தப் பேச்சு முழுவதும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. சந்தோஷம் என்றது. சிரித்தது. ஸ்வீட்ஸ் என்றது.

அன்று சாயங்காலம் அடக்கத்துக்கு லைனிலிருந்து பாதிப் பேர் போனார்கள். ஆக்னஸ் தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஹாலில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அது கேட்காதவளுக்கும் தெரியும். கண்கள் தாழ்ந்தன. அனுபமாதான் வராந்தாவில் மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு நேராகவே கேட்டாள்.

"மேடம், அவன் அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னப்ப நீங்க சிரிச்சீங்களாம். நான் பக்கத்துலதானே இருந்தேன். என்ன சொல்லுறான்னு எனக்குத் தெரியல, ஆனா நீங்க சிரிச்சது தெரியும்."

"சிக்னல் இல்லம்மா. ஒண்ணுமே கேக்கல. பாப்பா பொறந்துருச்சுன்னு நெனச்சேன்."

அனுபமா அவளையே பார்த்தாள். "அம்மாவ ஆஸ்பத்திரில சேத்துருக்கு, ரொம்ப சீரியஸ்னு அவன் முந்துன நாளே உங்ககிட்ட வந்து சொன்னானாம். நீங்க தோள்ல தட்டுனீங்களாம். மேடம் நல்லவங்கன்னு அவன் எங்ககிட்ட சொன்னான். அடுத்த நாள் இப்படி. ரெண்டு தடவ சொன்னானாம் மேடம், ஆஸ்பத்திரில எல்லாரும் திரும்பிப் பாக்குற மாதிரி. நீங்க கேக்குது கேக்குதுன்னு சொன்னீங்களாம்."

ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். எனக்குக் காது கேட்காது. மூன்று சொல். கல்நெஞ்சக்காரி என்று ஒரு ஹாலே நினைத்துக்கொண்டிருக்கும்போதும் அந்த மூன்று சொல்லை அவளால் வெளியே எடுக்க முடியவில்லை. செவிடி என்று பேர் வாங்குவதைவிடக் கொடியவள் என்று பேர் வாங்குவது பரவாயில்லை என்று தன் மனசு கணக்குப் போடுவதைத் தானே பார்த்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. காது போனதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, வெட்கப்பட வேண்டியது இதற்கு என்று தோன்றியது. அனுபமா மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்மிதா ஏதாவது கேட்டால் "ஹம், ஹம்" என்றாள். சனிக்கிழமை மத்தியானம் ஸ்மிதா வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஜைக்கு ஐபோனோடு வந்து, அதை லேப்டாப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எனக்கு சரிப்படாது ஸ்மிதா."

"வாட்? கைக்கு? பிடிக்கலையா?"

"போன் நல்ல போன். நான்தான் உங்கிட்டப் பொய் சொன்னேன்." அதற்கப்புறம் அவள் குனிந்துகொண்டே சொன்னாள், காதைப் பற்றி, மாஸ்க்கைப் பற்றி, ராகவேந்திராவைப் பற்றி, ஸ்வீட்ஸைப் பற்றி. தலையைத் தூக்காததால், நடுவில் ஸ்மிதா பேசினாளா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

தூக்கியபோது ஸ்மிதாவின் முகம் சிவந்திருந்தது. அழுகை என்று நினைத்தாள். கோபம்.

"நான் கேட்டேன் அம்மா! இதே டேபிள்ல. உனக்குக் கேக்கலையான்னு கேட்டேன். யூ லைடு டு மை ஃபேஸ்."

"ஹவ்." ஆமாம் என்று தலையாட்டினாள் ஆக்னஸ்.

"வொய்?"

"கூச்சம்" என்றாள் ஆக்னஸ். வேறு வார்த்தை அவளிடம் இல்லை.

ஸ்மிதா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேட்ட கேள்விகளை மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். இந்தத் தடவை ஆக்னஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. யார் யார் பேசுவது புரிவதில்லை? எந்த பாஷையில்? ஹாலில் தெலுங்கு, ஆபீசில் இந்தி, சர்ச்சில் தமிழ், உன்னிடம் எல்லாம் கலந்து. இடது காதா, வலது காதா? வலது கொஞ்சம் தேவலை.

"முதல்ல டாக்டர். அதுக்கு நான் அப்பாயிண்ட்மென்ட் போடறேன். ஹியரிங் எய்ட் குடுத்தா இந்த ஐபோன்லயும் நல்லா கனெக்ட் ஆகும், அதுல ஒண்ணும் குறை இல்ல. பட் இப்போ உனக்கு வேண்டியது வேற. பேசறது ஸ்கிரீன்ல எழுத்தா வரணும், தெலுங்குலயும் தமிழ்லயும். என் போன்ல அது இருக்கு. ஆண்ட்ராய்டுதான் உனக்கு." தன் போனிலிருந்து சிம்மை எடுத்தாள். "நீ இத எடுத்துக்கோ. ஐபோன் நான் வச்சுக்கறேன்."

ஏதோ ஒன்றைத் திறந்து, போனை அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். முகம் தெரியாத இடம். ஆக்னஸ் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முனகல் மாதிரி பின்னாலிருந்து வந்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன, தமிழில், உடைந்த தமிழில்.

*நான் எது சொன்னாலும் நீ ஹம் ஹம் சொல்லுவே. உனக்கு என் மேல் இன்ட்ரஸ்ட் இல்லை என்று நினைச்சேன். சின்னதிலிருந்து இல்லை. கொஞ்ச வருஷமா. அதனால் நான் சொல்றது நிப்பாட்டிட்டேன்.*

ஆக்னஸ் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படிப்பதற்குள் வரி மேலே நகர்ந்துவிட்டது. அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. ஸ்மிதாதான் குனிந்து பின்னாலிருந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ராகவேந்திராவின் வீட்டுக் காரியங்கள் முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை லோத்குண்டாவுக்குப் போனாள். ஸ்மிதா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டாள். ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டிய தெருவில் மாடியில் ஒரு சின்ன வீடு. நிறைவயிற்றோடு அவன் மனைவி கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்ததும் அவள் முகம் இறுகியது. ஆனாலும் வழிவிட்டாள். ராகவேந்திரா மொட்டைத் தலையோடு தரையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். நாற்காலியைக் காட்டினான். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

ஆக்னஸ் வழியெல்லாம் தெலுங்கில் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. நின்றுகொண்டே, வாய்க்கு வந்த தெலுங்கில், "எனக்குக் காது கேக்காது ராகவேந்திரா" என்றாள். "ரொம்ப நாளா. யாருகிட்டயும் சொல்லல. அன்னைக்கு நீ சொன்னது பொண்ணு பொறந்திருக்குன்னு என் காதுல விழுந்துச்சு. முந்தின நாள் நீ சொன்னதும் எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி தட்டிக் குடுத்தேன். தப்பு என்னுது. காதோட தப்பு இல்ல, மறைச்ச தப்பு." போனை நீட்டினாள். "நீ பேசு. இதுல எழுத்து வரும். நான் படிப்பேன்."

அவன் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பவில்லை என்பது தெரிந்தது. பிறகு ஏதோ சொன்னான். தெலுங்கு எழுத்தில் அது திரையில் வந்தது. *நிஜமா?*

"நிஜம்."

அவன் பேச ஆரம்பித்தான். அவள் படித்தாள். இத்தனை நாளும் என் அம்மா உங்களுக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கென்று அரிசெலு, நம் அதிரசம் மாதிரி, செய்து கொடுத்தனுப்பினாளே, அதில் ஏதாவது குறையா என்றுகூட நினைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கை பக்கத்தில் நின்றாள். உங்கள் சிரிப்பு அவளுக்கும் கேட்டது. அவளிடம் என்ன சொல்வேன்.

"உன் தங்கச்சிகிட்டயும் நானே சொல்றேன்" என்றாள் ஆக்னஸ்.

அவன் தலையை அசைத்தான். ஆமா என்றா, வேண்டாம் என்றா என்று தெரியவில்லை. பின்னர் திரையில் வந்தது: *நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஒரு மெசேஜ் போட்டிருப்பேன் மேடம். போன் பண்ணியே இருக்க மாட்டேன்.*

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவன் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆக்னஸ் அதைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

திங்கட்கிழமை டாக்டர் பரிசோதித்துவிட்டு, இதைச் சில வருஷங்களுக்கு முன்பே காட்டியிருக்கலாம் என்றார். இரண்டு காதுக்கும் கருவி எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி மேனேஜர் பத்ரியின் அறைக்குப் போய், ஹாலுக்குள் போன் கொண்டுபோக அனுமதி வேண்டும் என்றாள். ஹாலுக்குள் யாருக்கும் போன் கிடையாது; ஏன் என்று அவர் கேட்டார். சொன்னாள். மெஷின் கோளாறு என்று யாராவது கத்தியிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்குமா என்று கேட்டார். இல்லை என்றாள். கருவி வந்து பழகும் வரை ஹாலில் வேண்டாம் என்று அவளை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார். அது நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது; ஆனாலும் அனுபமாவிடம் ஷிப்ட் பொறுப்பை ஒப்படைக்கும்போது முகம் எரிந்தது.

போவதற்கு முன் வராந்தாவில், ஷிப்ட் மாறும் நேரத்தில், எல்லோரையும் நிறுத்திச் சொன்னாள். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது அவள் கண்ணில் பட்டது. என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பது கேட்கவில்லை. பையிலிருந்த போனை வெளியே எடுத்து அவர்கள் பக்கம் நீட்ட ஒரு கணம் கை போனது. பிறகு, சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ராகவேந்திரா அந்த வரிசையில் இருந்தான், சிரிக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, ஆவண அறையில், காதில் புதுக் கருவி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும்போது, அவள் போனில் ஒரு மெசேஜ் வந்தது. ராகவேந்திராவிடமிருந்து. பிள்ளை பிறந்திருக்கிறான், தாயும் பிள்ளையும் நலம் என்று தெலுங்கில் எழுதியிருந்தான். குரூப்புக்கு அல்ல, அவளுக்கு மட்டும். அவள் பதில் எழுத உட்கார்ந்தாள். சந்தோஷம் என்று எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். அந்த வார்த்தையை அவனுக்கு அனுப்பும் உரிமை தனக்கு இன்னும் வரவில்லை என்று பட்டது. கடைசியில், உன் மனைவியைப் பார்த்துக்கொள், லீவு பற்றிக் கவலைப்படாதே, நான் அனுபமாவிடம் பேசுகிறேன் என்று மட்டும் அனுப்பிவிட்டு, அனுபமாவைத் தேடிக்கொண்டு ஹால் பக்கம் நடந்தாள்.